ஏழாம் நம்பர் குழாய்ப் பாட்டு

ஜூலை 3, வியாழன்
விடாத மழை. மாஹிம் பக்கம் தண்ணீர். பேக் தைக்கும் பட்டறைக்கு லீவு.

பாடல் உரிமைச் சங்கத்திலிருந்து இங்கிலீஷில் கடிதம். மகள் மாலா படித்துச் சொன்னாள். என் புகாரை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வியாழன் சமரசப் பேச்சு. எதிர்த்தரப்பு, ஆர்க்கெஸ்ட்ரா செல்வம் அண்ணன்.

தாராவி அம்மன் கொடை விழாவில் பாட அண்ணனுக்கு நான் எழுதிக் கொடுத்த பாட்டு. இப்போது மண்டபம், ஹோட்டல் எல்லா இடத்திலும் ஓடுகிறது. அவர்கள் கட்டும் ராயல்டி அண்ணனுக்கு. பதிவில் எழுத்து, மெட்டு இரண்டுமே அவர் பெயரில்.

"சோடோம்மா, விட்டுரு," என்றாள் மாலா. "யாரு அந்தப் பேரைப் படிக்கப் போறா?"

"நான் படிப்பேன்ட்டி."

ஜூலை 5, சனி
மாட்டுங்கா. வக்கீல் அம்மா வீடு. பீஸ் வேண்டாம் என்றுவிட்டார். நல்ல காப்பி.

"பாட்டு பூரா உங்களோடதுன்னு எழுதியிருக்கேளே, மெட்டு யார் போட்டா?"

"அண்ணன்தாம்மா," என்றேன்.

"அப்போ மாத்தி எழுதுங்கோ. இல்லாததைக் கேட்டா இருக்கறதும் போயிடும்."

கோபம். பஸ்ஸில் பாட்டை முணுமுணுத்துப் பார்த்தேன். நான் எழுதியபோது ஒப்பாரி மாதிரி இருந்தது. அண்ணன்தான் அதை ஆடவைத்தார். உண்மை.

திங்கள் வேலை: புகாரைத் திருத்த. ஆதார் ஜெராக்ஸ். குடைக் கம்பி.

ஜூலை 10, வியாழன்
பேச்சு முடிந்தது.

அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் பாடலேன்னா இந்தப் பாட்டு யாருக்குத் தெரியும்?" நடுவர் ரிட்டயர்டு ஜட்ஜ், தமிழ் தெரிந்தவர். பாட்டில் அம்மன் ஏன் 'ஏழாம் நம்பரில்' நிற்கிறாள் என்று கேட்டார்.

அண்ணன்: "ஏழு உலகம் சார்."

நான்: "எங்க சந்துல ஏழாம் நம்பர் குழாய் சார். மூணு மணி நேரம் கொடத்தோட நின்னேன், தண்ணி வரல. அவளையும் எங்கூட நிறுத்திட்டேன்."

ஜட்ஜ் சிரித்துவிட்டார். அண்ணன் தலை குனிந்துகொண்டார். "எழுதுனது பேச்சிதான் சார். இவ்வளவு ஓடும்னு நெனைக்கல. எம்பேரையே போட்டுட்டேன்."

வெளியே வராந்தாவில்: "பாதிப் பணம் தாரேன் பேச்சி. பேரை மாத்துனா செம்பூர்ல நம்ம ஆளுங்க முன்னால எனக்கு மானம் போயிரும்."

"பேரு மொதல்ல அண்ணே. மத்தது பொறவு."

மெட்டு அவர், எழுத்து நான். ஒத்துக்கொண்டார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அது வலித்தது.

ஜூலை 11, வெள்ளி
அரை நாள் லீவு. சங்க ஆபீஸுக்கு மாலாவும் வந்தாள். ஒப்பந்தத்தில் என் பெயரில் ஒரு இங்கிலீஷ் எழுத்து விட்டுப்போயிருந்தது. மாலாதான் கண்டுபிடித்தாள். "சலேகா, சைன் கரோ," என்றார் கிளார்க். பரவாயில்லையாம், கையெழுத்துப் போடணுமாம். பேனாவை மூடி வைத்தேன். திரும்ப அடித்தார், வேறு பிழை. மூன்றாவது தாளை மாலா எழுத்து எழுத்தாக வாசித்து முடித்தபின் கையெழுத்துப் போட்டேன்.