லண்டனில் எட்டு மணி

12.8.1979, ஞாயிறு, இரவு

பக்கத்து வீட்டுச் சிங்காரம் இன்று காலை இறந்துவிட்டார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் லண்டனில் இருக்கிறான். அவனுக்குச் செய்தி போய்விட்டது.

வெளியூரிலிருந்து வந்த பங்காளி கோவிந்தன் கணக்குப் போட்டார். "இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஏறுறான். பதினாறு மணி நேரம். நாளைக்கு மத்தியானம் கோலாலம்பூரு. சாயந்திரம் எடுத்துரலாம்லா."

நான் குறுக்கிட்டேன். லண்டனில் இரவு எட்டு என்றால் இங்கே மறுநாள் விடியற்காலை இரண்டரை. அவன் இங்கே ஈப்போ வந்து சேர நாளை இரவாகிவிடும். ஒரு பம்பளிமாஸ் பழத்தைப் பூமியாக வைத்து, அதன்மேல் டார்ச் அடித்துக் காட்டினேன்.

"சாவு வீட்டுல பாடம் எடுக்குறீங்களே வாத்தியாரே! ரெண்டு ராத்திரி தாங்குமா?" என்றார் கோவிந்தன்.

சிங்காரத்தின் மனைவி பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், எம்புள்ள அவன் அப்பா மொகத்தப் பாப்பானா?"

"பாத்துருவான்மா. செவ்வாக்கிழமை காலையில எடுக்கலாம்."

என் பேச்சை நம்பி ஐஸ் கட்டிகள் வாங்கி அடுக்கிவிட்டார்கள். வழியில் விமானம் எங்காவது நின்றுவிட்டால்? அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மணி பதினொன்று. லண்டனில் மாலை நாலரைதான், வெயில் இருக்கும். அவன் இன்னும் விமானம் ஏறவே இல்லை. இங்கே ஐஸ் உருகி வாளியில் சொட்டுவது என் மேசைவரை கேட்கிறது.