காற்றை அளந்தவளுக்கு

இன்று காலை பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒருவர் போன் பேசிக்கொண்டு வந்தார். போன் பாலித்தீன் கவருக்குள் இருந்தது. கவரின் வாயை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தார். ஏரியில் இறங்குகிற ஆள். கவரோடு காதில் வைத்துக்கொண்டு, சரியாகக் கேட்கவில்லை என்று மறுமுனையில் இருந்தவரைத் திட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறப் பார்த்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் மடியில் ஒரு கொய்யாப்பழத்தை வைத்தாள்.

கோட்டைக்குப்பத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது, படையல் போடுகிறோம், நீ வராமல் எப்படி என்று உன் நைனா கூப்பிட்டிருந்தார். மாதா கோயில் பிள்ளைக்குப் படையல் வீட்டில் என்ன வேலை என்று நீ இருந்தால் கேலி பண்ணியிருப்பாய். நீ இல்லாததால் பண்ண ஆளில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே பேட்ச் போலீஸ். நீ கோட்டைக்குப்பம், நான் ஆரம்பாக்கம். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு ஏரியே கிடந்தாலும் பயிற்சிப் பள்ளியில் மற்றவர்களுக்கு நாம் 'அந்த ஏரிக்காரப் பொண்ணுங்க'. எனக்குத் துப்பாக்கி பிடித்தால் கை ஆடாது. அந்த ஒரு வித்தையை வைத்துத்தான் என்னைத் தொலைதூரச் சுடும் பிரிவில் போட்டார்கள். உன்னை என் ஸ்பாட்டராக, பக்கத்தில் இருந்து தூரமும் காற்றும் பார்த்துச் சொல்கிறவளாகப் போட்டதற்கு இன்ஸ்பெக்டர் அய்யா சொன்ன காரணம் வேறு. மீனவப் பெண், காற்று அவள் ரத்தத்திலேயே இருக்கும் என்றார். படகில் ஏறினால் நீ வாந்தி எடுப்பாய் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தத் தூரத்துக்குச் சுடும்போது சுடுகிறவள் செய்வது பாதி வேலைகூட இல்லை என்பதை உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். போகப் போகக் குண்டு தாழும். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். வெயில் ஏறிய காற்று லேசானது, குண்டை அதிகம் தடுக்காது. குளிர்ந்த காற்று தடுக்கும், குண்டு இன்னும் தாழும். யாரோ விற்ற பழைய தூரமானி ஒன்றை நாம் சேர்ந்து வாங்கினோமே, அது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை இலக்குவரை அனுப்பித் திரும்ப வாங்கித் தூரத்தைச் சொல்லும். அந்த இடத்தின் சூட்டையும் காற்றழுத்தத்தையும் தானே பார்த்து, துப்பாக்கிமேல் இருக்கும் ஸ்கோப்பை எத்தனை கிளிக், அதாவது எத்தனை படி ஏற்ற வேண்டும் என்று கணக்கும் போடும். காற்றின் வேகமும் திசையும் மட்டும் நீ பார்த்துச் சொல்ல வேண்டியது. அதன் ஆங்கிலக் கையேட்டை அகராதியும் கையுமாக நீ படித்த படிப்பைப் பத்தாம் வகுப்பில் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பாய் என்று நான் சொல்வதுண்டு.

விடுமுறைக்கு வந்தால் அதைப் 'பொட்டி' என்று சொல்லிக்கொண்டு உங்கள் ஊர்க் கரைக்கே கொண்டுவருவாய். கலங்கரை விளக்கம் எவ்வளவு தூரம், வலைக்கு அடையாளமாக நட்ட கொடி எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டே இருப்போம். தண்ணீர் மேல் அளப்பது லேசில்லை. கொஞ்சம் கீழே குறி வைத்தால் ஒளி அலையில் பட்டு எங்கேயோ வழுக்கிப் போய்விடும். தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும் படகின் கொம்பிலேயே குறி வைக்கக் கற்றுக்கொண்டாய். ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். உன் நைனா மட்டும் வலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பெருமையாகச் சொல்வார், "எம் பொண்ணுக்கு மெஷினே வாணாம். காத்து அவ ரத்தத்துல கீது."

உனக்கு மூக்கு சிவந்துவிடும். அவர் போன பிறகு என்னிடம் பொரிந்து தள்ளுவாய். ராத்திரி பகலாக உட்கார்ந்து படிப்பது நீ, பேர் வாங்குவது ரத்தமா என்று கேட்பாய். உன் கோபம் எனக்கு அப்போது கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்தது. புகழத்தானே செய்கிறார்கள், வாங்கிக்கொண்டால் என்ன என்று நினைத்தேன்.

பிறகு மாநில அணிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. மலையடிவாரத்தில் துப்பாக்கி சுடும் ரேஞ்சு. இரண்டு பெண்கள் ஜோடியாக அதுவரை போனதில்லை, நாம் போனால் நாம்தான் முதல் என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். காலையில் லேசாகத் தூறியது. நீ சுருக்குப் பையிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்தாய். ஏரிக்குப் போகிறவர்கள் வீட்டில் நனையக்கூடாதது எதுவும் கவர் இல்லாமல் வாசல் தாண்டாது. போன், தீப்பெட்டி, ரேஷன் கார்டு, எல்லாம் கவருக்குள்தான். உனக்கும் கை தானாக அதைச் செய்தது. கண்ணாடிப் பக்கம் மட்டும் திறப்பு விட்டு, பொட்டியைச் சுற்றிக் கட்டி ரப்பர் பேண்டு போட்டாய். தூறல் நின்று வெயில் அடித்தது. கவரை எடுக்க உனக்கும் தோன்றவில்லை, எடுக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

நீ சொன்ன கிளிக்கைத்தான் வைத்தேன். குண்டு தாழப் போனது. அடுத்ததும் தாழ. எல்லாமே இலக்குக்குக் கீழே மண்ணைக் கிளப்பின. அய்யா தொலைநோக்கியை இறக்கிவிட்டு, இந்தப் பெண் பயப்படுகிறாள், விசையை இழுக்கும்போது கை இறங்குகிறது, நாளைக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்றார். உன்னை எதுவும் சொல்லவில்லை. நீ அணியில் இருந்தாய், நான்தான் வெளியே.

மதியம் மரத்தடியில் உட்கார்ந்தோம். கை ஆடுகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் உண்மையிலேயே ஆட ஆரம்பித்துவிடும். எனக்குச் சோற்றுக் கையே ஆடியது. நீ பொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். கவரின் உள்பக்கம் வேர்த்திருந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றி, பொட்டியை நிழலில் காற்றாட வைத்தாய். அது காட்டிய வெப்பம் நம் கண்ணெதிரே இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. கவருக்குள் வெந்த காற்றையே அது வெளிக்காற்று என்று நம்பி, காற்று லேசாக இருக்கிறது, குண்டு அவ்வளவு தாழாது, கொஞ்சம் ஏற்றினால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறது. என் கைமேல் தப்பில்லை என்று தெரிந்ததும் நான் அழுதேன். நீ அழவில்லை. உன் முகம் வெளுத்திருந்தது.

மெஷின் கோளாறு என்று சொல்லிவிடலாம், இரண்டு பேருக்கும் கெடுதல் இல்லை என்றேன். நீ தலையாட்டி மறுத்தாய். மெஷின் அதற்குக் கொடுத்த சூட்டை வைத்துச் சரியாகத்தான் சொன்னது, தப்பான சூட்டைக் கொடுத்தது நீ என்றாய். உன் இடத்துக்கு வேறு ஒருவரை அய்யா ஏற்கெனவே மனதில் வைத்திருந்தார் என்பது நமக்குத் தெரியும். தெரிந்துதான் எழுந்து போனாய். மற்ற ஜோடிகள் எல்லாம் நின்றுகொண்டிருந்த இடத்தில், விறைப்பாக நின்று சொன்னாய்.

"அய்யா, அவ கை நல்லாத்தான் கீது. கணக்கு தப்பு. தப்பு என்னுது அய்யா."

யாரோ சிரித்தார்கள். நீ கவரை எடுத்துக் காட்டி முழுவதையும் விளக்கினாய். அய்யா நிறையத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, நாளைக் காலையில் இதே ஜோடி ஒரு தடவை சுடட்டும், தவறினால் இரண்டு பேருமே மூட்டை கட்டலாம் என்றார்.

மறுநாள் பொட்டியை விடிந்ததுமே நிழலில் ஒரு கிளையில் தொங்கவிட்டிருந்தாய். நான் படுத்துக் குறி பார்த்தபோது நம் பக்கத்துக் கொடி துவண்டு கிடந்தது. காற்று நின்றுவிட்டது என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது, காற்றுக்காக வைத்திருந்த கிளிக்கை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். நீ கண்ணை எடுக்காமல், வேண்டாம் என்றாய். இலக்குக்குப் பக்கத்தில் எழும்பும் கானல் இடதுபக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது, நம்மிடம் நின்ற காற்று அங்கே நிற்கவில்லை என்றாய். அதையும் நீ படித்துத்தான் கற்றிருந்தாய். எத்தனையோ மத்தியானம் கொதிக்கும் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நீ சொன்னபடியே வைத்து விசையை இழுத்தேன்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு இலக்காக வைத்த இரும்புத் தகடு கணீரென்றது. அடுத்த குண்டுக்கும், அதற்கடுத்ததுக்கும் அதே சத்தம். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை. நீ என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாய், இரண்டு நாள் வலித்தது.

அய்யா வந்தார். நல்ல மனிதர்தான், முகமெல்லாம் சிரிப்பு. பார்த்தீர்களா, கடல்காரப் பெண், காற்று ரத்தத்திலேயே இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். ஐயோ, வாயை மூடிக்கொள்ளடி என்று மனதுக்குள் வேண்டினேன். நீ மூடவில்லை.

"நேத்து தப்பு என்னுதுன்னா, இன்னிக்கி சரியும் என்னுதுதான் அய்யா."

அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்றைக்குத்தான் உன் கோபம் முழுதாகப் புரிந்தது. அதற்குப் பிறகு வேறு மாநிலங்களுக்குப் போனோம், மெடல் வாங்கினோம், பேப்பரில் படம் வந்தது. படத்துக்குக் கீழே 'காற்றை அறிந்த மீனவ மகள்' என்று போட்டிருந்தான். நீ அந்தப் பேப்பரில் வறுத்த நெத்திலியை வைத்து எண்ணெய் வடித்தாய்.

நோய் உன்னைச் சீக்கிரம் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை.

இன்றைக்கு உங்கள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சுவரில் நம் படம், நான் படுத்திருக்கிறேன், நீ முட்டி போட்டுப் பொட்டியில் கண் வைத்திருக்கிறாய். சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்திருந்த உன் மாமா படத்தைப் பார்த்து, என்ன இருந்தாலும் நம்ம ரத்தம், காத்து தெரியாமலா போகும் என்று பெருமூச்சு விட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் நைனா திரும்பினார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார்.

"இல்ல மச்சான். எனுக்கும் அதே ரத்தந்தான், என்னால ஒரு குண்டு அடிக்க முடியுமா? ஆஸ்பத்திரில படுத்துனு கெடந்தப்போ, நீ செய்யறது இன்னானு சொல்லுமானு நானே கேட்டேன். நாளெல்லாம் சொல்லிச்சு. பாதிதான் புரிஞ்சிது. ஆனா அது ரத்தத்துல வர்றதில்ல, எம் பொண்ணு உக்காந்து கத்துகினதுனு புரிஞ்சிது."

இலை போட்டார்கள். நான் உன் நைனா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். புரிந்ததை உன்னிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லலாம் என்று இருந்தாராம். மறுநாள் நீ கண் திறக்கவில்லையாம்.

அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன். உன் நைனா சொல்லிவிட்டார்டி. உங்கள் வீட்டில், உங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்க, ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். நீ கேட்டிருக்க வேண்டியதை உனக்காக நான் கேட்டு வைத்திருக்கிறேன்.