உன் ஷெல், என் ஷெல்

இன்று காலை விளக்கேற்றிவிட்டு, விரலில் விபூதி மணக்க உன் லேப்டாப்பைத் திறந்தேன். கறுப்புத் திரையில் 'e' என்று ஓரெழுத்துதான் அடித்தேன். மீதியை அதுவே சாம்பல் நிறத்தில் காட்டியது: 'echo akka tea'.

கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும் கட்டளை 'echo', தங்கச்சி. கொழும்பிலிருந்து லீவில் தெரணியகலைக்கு பஸ் ஏறி வந்தால், வாயால் கேட்க மாட்டாய். இதை அடித்துத் திரையை என் பக்கம் திருப்புவாய். "இதுக்கு ஒரு மிஷினு வேணுமாடி?" என்று திட்டிக்கொண்டே பிளேன்டீ ஊற்றுவேன்.

கோயில் கணக்கு ஃபைல்களைப் பிரித்து வைக்க, வீடியோ பார்த்து நானாகப் பழகியது பாஷ் என்ற ஷெல். நாம் அடிப்பதை வாங்கி மிஷினிடம் சொல்வதுதான் எந்த ஷெல்லுக்கும் வேலை. பிறகு ஏன் ஆளுக்கொன்று பிடிக்கிறது? இன்றும் யோசிக்கிறேன். உனக்கு ஃபிஷ். ஓரெழுத்து அடித்தால் முன்பு அடித்ததை எடுத்துக் கொடுக்கும். எனக்கு ஒத்துவரவில்லை. சுவாமி பாட்டைப் புத்தகமில்லாமல் சொல்கிறவள் நான். நடுவில் யாராவது அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தால் எரிச்சல் வரும்.

"நான் முடிக்கிறதுக்குள்ள அது பேசிருது" என்றேன்.

"சொந்தமா பேசலக்கா. நாம சொன்னத ஞாபகம் வச்சிருக்கு, அவ்வளவுதான். ஒன் பாஷ்ல மறந்து போனா?"

"மறந்தா நானே தேடி எடுத்துக்குவேன். ஒன் மீனுல என் வரியப் போட்டா செவப்பாகி நிக்குது."

"அதுக்கு ஒன்னயப் புடிக்கல போல" என்று சிரித்தாய்.

நீ போய், கருமாதியும் முடிந்த பிறகு லேப்டாப் என்னிடம் வந்தது. போன வாரம் என் வீட்டுக்காரர், உன் மச்சான், கேட்டார்: "நீ பாவிக்கிறது பாஷ்தானே. மத்தத அழிச்சிரேன், எடம் மிச்சம்."

"அது எவ்வளவு எடத்த அடைக்கப் போகுதுங்க. இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

உன் ஷெல்லில் நான் வேலை செய்வதில்லை. நான் வேறொரு எக்கோ அடித்தால், அடுத்த முறை என்னுடையதுதான் முன்னால் வரும். உன் வரிக்கும் என்டர் தட்டுவதில்லை. தட்டினால் நான் கேட்டதாகப் பதிந்துவிடும். பார்த்துவிட்டு, அந்த ஓரெழுத்தை அழித்துவிட்டு, டீ ஊற்றப் போகிறேன்.

கணக்கெல்லாம் இன்னமும் பாஷில்தான். ஆனால் அங்கேயும் முதல் எழுத்தை அடித்ததும் கை கொஞ்சம் நிற்கிறது. அது ஒன்றும் சொல்லாது என்று தெரியும். நின்றுவிட்டுத்தான் அடுத்ததை அடிக்கிறேன்.