இமை சரிந்த நேரம்

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட என் அருமை வீட்டுக்காரருக்கு,

மன்னவனூரில் கேரட் பிடுங்கி முடித்தாயிற்று. நம் மகன்தான் இப்போது ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லோடு கொண்டுபோகிறான். மழை விட்டும் குளிர் விடவில்லை. குளிர்காற்று பட்டாலே உங்கள் வலது கை தீயாய் எரியுமே, அந்த நினைப்பில் இன்னமும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துகிறேன். யாருக்காக?

பக்கவாதம் வந்து, நடை தேறிய பிறகுதான் அந்த எரிச்சல் ஆரம்பித்தது. கையில் காயம் இல்லை, வீக்கம் இல்லை. வேலைக்குப் போகச் சோம்பல்பட்டு அண்ணன் நடிக்கிறது என்று உங்கள் தங்கச்சி சொன்னாளே, அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அடிபட்டது மூளையில், வலி தெரிவது கையில் என்று மதுரை டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. கழுத்து நரம்பில் ஊசி போட்டு வலியை மறித்துப் பார்க்கலாம், சிலருக்குத்தான் கேட்கும், அடியோடு குணமாகாது என்றார்.

முதல் ஊசி கேட்டது. அந்தப் பக்கத்துக் கண்ணிமை சரிந்தது. மருந்து சரியான இடத்தில் இறங்கியதற்கு அதுதான் அடையாளம், சில மணி நேரத்தில் இமை ஏறிவிடும் என்றார் டாக்டர். நீங்கள் பாதிக் கண்ணோடு சிரித்து, "இந்தா, இப்பக் கையப் புடி" என்றீர்கள். எத்தனையோ மாதமாய்த் தொட முடியாத கை. பஸ் மலை ஏறி முடிக்கும்வரை நான் விடவேயில்லை.

அப்புறம் ஒவ்வொரு ஊசிக்கும் நிம்மதி குறைந்துகொண்டே வந்தது. கடைசித் தடவையும் இமை சரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் கண்ணில் நீர் வழிந்தது. ஊசி போட்டால் அந்தக் கண் கலங்குவது வழக்கம்தானே என்று முந்தானையால் துடைத்துவிட்டேன். கொடைக்கானலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தீர்கள்.

"இந்தத் தடவ ஊசி கேக்கல. சொன்னா நீ கைய எடுத்துருவேல்ல, அதான்."

அத்தனை வளைவும் எரிய எரியவா உட்கார்ந்திருந்தீர்கள்? என்ன மனுசன் நீங்கள்! வந்த கோபத்தில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் தள்ளிப்போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கையைத் தொடவேயில்லை.

நெஞ்சுவலியில் நீங்கள் போன அன்றைக்கு, உங்கள் தங்கச்சி அந்தக் கையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னையறியாமல், "மெதுவாப் புடி, எரியும்" என்றுவிட்டேன். வந்திருந்தவர்கள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். அவள் மட்டும் கையை மெல்லக் கீழே வைத்தாள்.

நானும் ஒருநாள் அங்கே வருவேன். கேட்காமல் கையைப் பிடிக்க மாட்டேன், இது சத்தியம். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி,
செல்வராணி