சென்சருக்கு வைத்த பொட்டு

10.10.2008, வெள்ளி

பூஜை லீவு முடிந்து தேயிலை ஃபாக்டரி திறந்தது. கொழுந்து வாட்டும் மாடியில் நான் பொருத்திக் கொடுத்த வெப்பநிலை சென்சர், அதைப் படிக்கும் மின்னணு போர்டு கேட்டதற்குப் பதிலே அனுப்பவில்லை. திரையில் எண் இல்லை. வழக்கம்போல என்னையே சந்தேகித்தேன். புரோகிராமை மறுபடி ஏற்றினேன். கம்பியை முனைக்கு முனை மீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி.

ஃபாக்டரியை நடத்தும் அதிகாரியான டீமேக்கர் வந்தார். "என்ன மாஸ்டர், பெட்டி ஊமையாயிருச்சா? இந்த ராசுப் பயதான் கம்பிய இழுத்திருப்பான்."

"நான் தொடவே இல்லீங்க ஐயா," என்றான் மாடியில் வேலை செய்யும் ராசு.

"வாய மூடு. நாளைக்கு மலையில புல்லு வெட்டப் போ."

பிறகுதான் சென்சரைக் கழற்றித் திருப்பினேன். ஆயுத பூஜையன்று டீமேக்கர் தன் கையாலேயே மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தார். சென்சருக்கும் தாராளமாக அப்பியிருக்கிறார். மாடியின் ஈரக்காற்றில் காயாத சந்தனம் அதன் மூன்று கால்களையும் ஒன்றாக இணைத்திருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்துப் பொருத்தினேன். உடனே எண் வந்தது.

"பாத்தீங்களா மாஸ்டர், பூஜை போட்டது வீண் போகுமா?" என்று டீமேக்கர் சிரித்தார்.

ராசு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, அந்தச் சந்தனம்..." என்று தொடங்கினேன்.

"சந்தனத்துக்கு என்ன?"

"நல்ல வாசங்க," என்றேன்.

சீ. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த வாய் இது. எத்தனை முறை சோப்புப் போட்டும் விரலில் அந்த வாசம் போகவில்லை. சோற்றைக் கரண்டியால் தின்றேன்.

விடிந்ததும் ராசு கத்தியோடு மலை ஏறுவான். அதற்கு முன் போய் டீமேக்கரிடம் சொல்லிவிடலாம். சொல்வேன் என்று இங்கே எழுதவும் கை கூசுகிறது.