இடது சக்கரத்துத் தேசிக்காய்

மே 2, வியாழன்
காலையிலிருந்து மழை. 8 பாகை. செய்ய வேண்டியவை: நூலகப் புத்தகங்கள் 3 (இன்று கடைசி நாள்), அம்மாவின் மருந்து, தைக்கக் கொடுத்த சட்டை.

அண்ணாவின் ஹொட் ரொட் காரை எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் போயிருக்கலாம். மழை ஒரு சாட்டு. இரண்டு வருடமாகக் கராஜுக்குள் கிடந்து, முப்பதுகளில் செய்த ஒரு துருப்பிடித்த காரை அவர் உயிர்ப்பித்ததைப் பார்த்தவள் நான். ஒரு தடவை ஓட்ட ஆசை. அவ்வளவுதான். அவர் வேலையில்.

மோர்னிங்சைட் வீதித் திருப்பத்தில் கால் கொஞ்சம் அழுத்திவிட்டது. பின்பக்கம் சறுக்கி, முன் இடது சக்கரம் நடைபாதை விளிம்பில் அடித்தது. பல்லோடு பல் மோதியது. இறங்கிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. திரும்பி வரும்போது ஸ்டியரிங் இடது பக்கம் மெல்ல இழுத்தது. ஈரம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சக்கரங்களைத் துடைத்துக் காயவைத்தேன். இடித்தது தற்செயல். துடைத்தது அப்படியல்ல.

புத்தகங்கள் இன்னும் பைக்குள்.

மே 5, ஞாயிறு
வெயில், குளிர் காற்று. கோயிலில் காருக்குப் பூசை. மாலா அன்ரியும் மகள் தர்சினியும் வந்திருந்தார்கள். தர்சினியை அண்ணாவுக்குப் பேசியிருக்கிறது. சாதகம் பொருந்திவிட்டது. நாள் வைப்பதுதான் மிச்சம்.

போகும் வழியில் அண்ணா: “இடது பக்கம் இழுக்குது. நான் எதையோ சரியாப் பூட்டேல்லைப் போல.” பின் ஆசனத்தில் நான் மாலையைப் பிடித்தபடி. பூக்களை எண்ணிக்கொண்டு போனேன்.

கார்த் தரிப்பிடத்தில் தேங்காய், சந்தனம், கற்பூரம். நாலு சக்கரத்துக்கும் கீழே நசிக்க நாலு தேசிக்காய். ஐயர்: “மெல்லமா முன்னுக்கு எடுங்கோ தம்பி.” மூன்று நசிந்தன. முன் இடதில் வைத்தது நழுவி, உருண்டு, மாலா அன்ரியின் செருப்பில் போய் முட்டி நின்றது. முழுசாக. கார் இடது பக்கம் இழுபட, அண்ணா பிரேக் போட்டார்.

அம்மா: “ஐயா, இன்னொண்டை வையுங்கோவன்.”
மாலா அன்ரி: “வைச்சது வைச்சதுதானே.”
தர்சினி குனிந்து எடுத்தாள். “நல்ல தேசிக்காய் அம்மா. சொதிக்கு விடலாம்.”

அண்ணா மட்டும் சிரித்தார். பிறகு அன்ரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மே 7, செவ்வாய்
மப்பு வானம். புத்தகங்கள் கொடுத்தாயிற்று, தாமதமாக.

மாலா அன்ரியின் தொலைபேசி அழைப்பு. அம்மாவின் பக்கம் மட்டும் கேட்டது. “ஓம்... ஓம்... விளங்குது... சீச்சீ, எங்களுக்கும் அவசரமில்லை.” வைத்துவிட்டு: “நாள் வைக்கிறதை ஆவணிக்குப் பிறகு பாப்பமாம்.” எங்கள் ஆட்களின் ‘பிறகு பாப்பம்’ எந்த மாதத்திலும் வருவதில்லை.

“தேசிக்காய்க்குக் கண் இருக்கோ?” என்று அம்மா சட்டியைத் தேய்த்தார். தேய்த்த சட்டியையே திரும்பத் தேய்த்தார்.

பஸ்ஸில் இரண்டு பெண்கள், நான் யாரென்று தெரியாமல்: “ஆர், அந்தத் தேசிக்காய்க் காரோ?” “ஓமடி, உருண்டு போச்சாம்.” அடுத்த தரிப்பிலேயே இறங்கி மிச்சத்தை நடந்தேன்.

மே 9, வியாழன்
19 பாகை. முதல் தடவையாகக் கோட் இல்லாமல்.

அண்ணா முன் சக்கரங்களைக் கழற்றியிருந்தார். “ஒருக்கா வா. இந்த நூலைப் பிடி.” மீன்பிடி நூல். முன் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அக்சில் தண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துப் பிடித்தால், இடையில் உள்ள துளைகளுக்கு நேர் மேலே நூல் போக வேண்டும். அவர் பக்கத்தில் நேராகப் போனது. என் பக்கத்தில் அரை விரல் விலகி.

“வளைஞ்சிட்டுது,” என்றார். “நான் ஒண்டிலயும் இடிக்கேல்லை. தன்பாட்டில வளைஞ்சதெண்டால் நான் பூட்டினதுதான் பிழை.”

“இப்ப என்ன செய்யிறது?”

“சின்ன வளைவுதான். நிமித்திப்போட்டு விக்கிறதுதான். பூட்டத் தெரியாதவன் உதில ஒரு பெட்டையை ஏத்திக்கொண்டு திரியக்கூடாது. ஏறவும் ஒருத்தி இல்லை இப்ப.”

புத்தகங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் பக்கம் பக்கமாகப் பேசுவார்கள். எனக்கு வந்தது ஐந்து சொல். “போன வியாழன் நான் எடுத்து இடிச்சனான்.”

நூலை இருவரும் விடவில்லை.

“என்ன வேகத்தில?”
“நாப்பது இருக்கும்.”
“உனக்கு நொந்ததோ?”
“இல்லை.”

நூலைச் சுற்றினார். “அப்ப நிமித்தேலாது. அவ்வளவு அடி வாங்கினது உள்ளுக்க வெடிச்சிருந்தாலும் தெரியாது. வேறதான் போடவேணும்.” சாப்பாட்டின்போது மீன் பொரியலின் நடுத்துண்டை என் கோப்பையில் சோற்றின் மேல் வைத்தார். ஏசியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

மே 11, சனி
பிக்கரிங்கில் ஒரு பழைய கார் யார்டில் அதே அளவு அக்சில். வாங்குமுன் அங்கேயே நூல் பிடித்தோம். கடைக்கார வெள்ளைக்காரர் வேடிக்கை பார்த்தார். இரண்டு பக்கமும் நேர். பின்னேரம் பூட்டியாயிற்று. கையெல்லாம் கிறீஸ்.

“மாலா அன்ரியிட்ட நான் சொல்லவேணும்.”
“தேவையில்லை. வெக்கக்கேடு.”
“ஆருக்கு அண்ணா? உங்களுக்கோ, எனக்கோ?”

போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்கினார்.

மே 12, ஞாயிறு
நல்ல வெயில். அஜின்கோர்ட்டில் மாலா அன்ரியின் வீட்டுக்கு, தேவையில்லை என்ற அண்ணாவே கூட்டிக்கொண்டு போனார். கார் நேராக ஓடியது. அண்ணா ஒரு இடத்தில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். இறங்க மாட்டேன் என்றார். நான் மட்டும் போனேன்.

நின்றபடியே எல்லாம் சொன்னேன். சக்கரம் துடைத்ததையும். தர்சினி அகப்பையோடு குசினி வாசலில்.

மாலா அன்ரி: “ஏன் பிள்ளை, இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”
“பயம் அன்ரி.”
“ஆரை நினைச்சு? உன்ர அண்ணரையோ?”
“இல்லை. உங்களை நினைச்சு.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். “அவர் ஏசினவரோ?”
“இல்லை.”
“ஒண்டும் சொல்லேல்லையோ?”
“என்ன வேகத்தில போனனீ எண்டு கேட்டவர். பிறகு, நொந்ததோ எண்டு.”
“அவ்வளவுதானோ?”
“அவ்வளவுதான் அன்ரி.”

எழுந்து யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார். வெளியே காருக்குள் அண்ணா.

“தர்சினி, தேத்தண்ணி வை. நாலு.”