ஜெனிக்கு வைத்த தட்டு

என் ஜெனி கண்ணு,

இந்த வருஷமும் நம் விருந்து நாளன்று மழை சொல்லி வைத்தாற்போல் வந்துவிட்டது. நிலாவையும் மரத்தையும் பருவத்தையும் கும்பிடும் நம் பேகன் வட்டம், செத்தவர்களுக்குத் தட்டு வைக்கும் அக்டோபர் கடைசி நாள். சேலையூரில் என் வீட்டு மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே பாய் விரித்தோம். சிறுசேரியில் ஆபீஸ் முடித்தவர்கள் தொப்பலாக நனைந்து வந்தார்கள். முதல்முறையாக உனக்கும் ஒரு தட்டு வைத்தேன்.

அதில் ஆப்பிளும் பூசணித் துண்டும். வெளிநாட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. "அங்க அறுவடை காலம், இங்க கேம்ப் ரோட்ல முழங்கால் தண்ணி" என்று வருஷா வருஷம் நீ கிண்டல் செய்வாய். இருந்தும் வழக்கத்தை மாற்ற எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று நாங்கள் கல்லறை கேட்டுக்கு வெளியிலேயே நின்றோம், தெரியுமா? "அந்தக் கும்பல் மண்ணு போடக் கூடாது" என்று உன் அம்மா சொல்லிவிட்டார். பெற்ற வயிறு எரியும்போது என்ன பேச முடியும்? ஆனால் உனக்கு ஒரு பிடி மண் போடாதது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அதனால்தான் விருந்துக்கு அவரைப் போனில் அழைத்தேன். "செத்தவங்கள கூப்புடறது பாவம்" என்று போனை வைத்துவிட்டார். ஆனால் நாங்கள் உட்காரும் நேரத்தில், குடையை மடக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"என் பொண்ணு பேர வச்சி இன்னா பண்றீங்கன்னு பாக்க வந்தேன்."

விருந்து முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது நம் வழக்கம். ஐந்து பேரும் ஊமையாக உட்கார்ந்திருந்தோம். அவர் உன் தட்டையே பார்த்தார்.

"ஆப்பிளா? அவளுக்கு ஆப்பிளே ஆவாதே!"

விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான், எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தானே. கொஞ்ச நேரத்தில் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தார். மாடி முழுக்க நெத்திலிக் குழம்பு வாசனை. ஆப்பிளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சோறு போட்டுக் குழம்பு ஊற்றினார். பிறகு ஜெபமாலையை எடுத்து முணுமுணுத்தார். நாங்கள் தலை குனிந்திருந்தோம்.

ஜெபம் முடிந்தது. "என் பொண்ணு மோட்சத்துக்குப் போயிருப்பாளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கென்ன தெரியும், ஜெனி? வழக்கத்தை மீறி வாய் திறந்தேன். "தெரியலம்மா. ஆனா அவ யாரையும் பசியோட அனுப்பினதில்ல" என்றேன்.

அவர் கரண்டியை எடுத்து, ஆளில்லாத உன் இடத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்திக்கோடி" என்றார். அப்புறம்தான் அழுதார். நாங்களும் அழுதோம்.

போகும்போது படியில் நின்று, "ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாள். எல்லாரும் வாங்க. பூ வாங்கினு வாங்க, ஆப்பிள் வேணாம்" என்றார்.

நாளைக்குத்தான் அந்த நாள். நீ மாடியில் வைத்த செம்பருத்தித் தொட்டியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை கேட்டுக்கு உள்ளே வருவோம், உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு.

உன்னோடு பிறக்காத அக்கா,
மாலதி